மூத்தவன் தாயத்து

1994 நவம்பர் எட்டாம் தேதி, கோயமுத்தூரை அடுத்த துடியலூரில், பாலகோபால், அன்புக்கரசி தம்பதியின் ஆண் குழந்தைக்குத் தொப்புள்கொடி உதிர்ந்தது. குழந்தைக்குப் பிரவின்குமார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்புக்கரசி அதைப் பஞ்சில் சுற்றி, ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். அவளுடைய அம்மா, அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இறந்துபோனவள். ஒரு வளையல், ஒரு போட்டோ, எதுவும் மிஞ்சவில்லை. முகம்கூட நினைவில் இல்லை. தன் மகனுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். அவன் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

பாலகோபால் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் இடுப்பில் அரணாக்கயிறு கட்டும்போது கொடியை ஒரு வெள்ளித் தாயத்தில் அடைத்து அதில் கோப்பார்கள். வளர்ந்தபின் கழற்றிப் பத்திரப்படுத்துவார்கள். ஆள் செத்தால் தாயத்தும் அவரோடு குழிக்குள் போய்விடும்.

மாசி மாதம் ஒருநாள், பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, அடித்தட்டில் பழந்துணியில் முடிந்த ஒரு தாயத்து அன்புக்கரசியின் கையில் தட்டுப்பட்டது. வெள்ளி கறுத்திருந்தது. சுண்டுவிரல் நீளம். ஆட்டினால் உள்ளே எதுவோ மெல்ல உருண்டது.

"ஏனுங்கத்தை, இது ஆரோடதுங்க?"

மாமியார் பாவாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"மூத்தவனோடது."

பாலகோபாலுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, தவழும் முன்பே இறந்துவிட்டான் என்று அன்புக்கரசி கேள்விப்பட்டிருந்தாள். பெயரை யாரும் சொன்னதில்லை.

"அவனோட போட்டிருக்கோணும் அம்மணி. மண்ணு தள்ற மட்டும் கையிலயேதான் வெச்சிருந்தேன். மனசு வரல."

அன்புக்கரசிக்குக் கண் கலங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் ஒருத்தி இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். தனக்கு யாரும் காப்பாற்றித் தராதது.

"அப்ப இதுலயே நம்ம பையனோடதையும் போட்டுக் கட்டிப்போடலாங்களா அத்தை? ஊட்டுக்கு ஒரு ஞாபகமா இருக்கும்."

பாவாத்தாள் நிமிர்ந்து அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"நீயாத்தான கேக்கறே?"

"ஆமாங்க."

"நான் ஒன்னும் சொல்லலீல்ல?"

"இல்லீங்கத்தை."

முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

ஆர்.எஸ்.புரத்தில் நகைப்பட்டறை வைத்திருந்த அரங்கசாமி பத்தர் மூடியைச் சூடுகாட்டித் திறந்தார். "உள்ள பழசு ஒன்னு கெடக்குதுங்களே, எடுத்துப்போடட்டுங்களா?"

"வேண்டாங்க. அது பையனோட பெரியப்பனோடது. ரெண்டும் ஒன்னா இருக்கட்டும்" என்றாள் அன்புக்கரசி.

"இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க. பின்னால பாகம் பிரிக்கறப்ப பெரியப்பனும் மகனும் அடிச்சுக்காமப் பாத்துக்குங்க" என்று சிரித்தார். கூட வந்திருந்த பாலகோபாலும் சிரித்தான். ஆடாமல் இருக்கப் பஞ்சை நிறையத் திணித்து, மூடியைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கயிறு கட்டினார்கள்.

பங்குனி வெயில் ஏறியது. பாலகோபால் பம்ப் கம்பெனிக்குப் போனபின் வீடு அடங்கிவிடும். தூரத்து மில் சங்கு, மேட்டுப்பாளையம் போகிற ரயில், பின்கட்டில் துவைக்கும் கல்மேல் சொட்டும் குழாய், ஓட்டுக்கடியில் பல்லி. இவற்றுக்கு நடுவே உத்தரத்து இரும்பு வளையத்தில் சேலைத் தொட்டில் முன்னும் பின்னுமாக முனகும். அப்படி ஒரு மத்தியானம், தொட்டில் ஓய்ந்து நின்று, உள்ளே குழந்தை அயர்ந்து தூங்குகையில், கிணுக் என்று ஒரு சத்தம் கேட்டது. அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். குழந்தை அசையவில்லை. பஞ்சு திணித்த தாயத்து எப்படிச் சத்தம் போடும் என்று யோசித்துக்கொண்டே மறுபடி படுத்தாள். கிணுக். கிணுக். உள்ளே யாரோ திரும்பிப் படுப்பது போல.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கவனத்துக்கு வந்தது. தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, பெருக்கும்போது விளக்குமாறு இடிக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது. கயிறு புதிது, சேலையும் கெட்டி. ஆனால் குழந்தையைத் தூக்கினால் கையில் கனமே இல்லை. டாக்டர் தராசில் போட்டுப் பார்த்து, போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதே என்று சொட்டுமருந்து எழுதினார். பவுடரும் வசம்பும் மணக்க வேண்டிய தொட்டில் துணியில், முதல் மழை விழுந்த மண்ணின் வாடை வந்தது. துவைத்தாலும் போகவில்லை.

"வெயிலுக்குக் கொழந்தைங்க எளைக்கும். நீ வேற எதையாச்சும் நெனைச்சுக்காதே" என்றான் பாலகோபால்.

பாவாத்தாள் மட்டும் தெம்பாக இருந்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடினாள். ஒருநாள் அந்தப் பாட்டில் ஒரு பெயர் வந்தது. ராசப்பா.

"ஆருங்கத்தை ராசப்பன்?"

"ஊட்டுக்கு மூத்தவன் கண்ணு. வேற ஆரு?"

அன்றைக்கு அன்புக்கரசி தொட்டிலோரம் காது வைத்துக் கேட்டாள். ஒரு மூச்சு வேகமாக, மேலோட்டமாக. அது அவள் குழந்தையுடையது. அதற்கு அடியில் இன்னொன்று. நிதானமாக. ஆழமாக. நன்றாக வயிறு நிறைந்து தூங்குகிறவனுடையது.

மாமியார் கோயிலுக்குப் போன ஒரு பிற்பகலில் அவள் கத்திரிக்கோலை எடுத்தாள். அரணாக்கயிற்றை வெட்டினாள். பாக்குவெட்டியால் தாயத்தின் மூடியை நெம்பினாள். பஞ்சு கறுத்துப்போயிருந்தது. உள்ளே இரண்டு கொடிகள். ஒன்று காய்ந்து, சுருங்கி, தொட்டால் பொடியாகிவிடும் போலிருந்தது. மற்றது மெத்தென்று, செந்நிறமாக, ஈரமாக.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. காய்ந்தது பழையது. முப்பது வருடத்துக்கு முன்னே மண்ணுக்குப் போயிருக்க வேண்டியது. ஈரம் நேற்றுப் பிறந்தவனுடையது. ஈரமானதைப் புதுப்பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தாள். காய்ந்ததைத் தாயத்தில் போட்டு மூடி, பின்கட்டில் தென்னை மரத்தடியில் குழி பறித்துப் புதைத்தாள். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள். கற்பூரம் ஏற்றினாள்.

"நீ போயிரு சாமி. எம்பையனை உட்டுப்போடு" என்றாள்.

உள்ளே வந்து குழந்தையைத் தூக்கினாள். கனத்தது. கன்னம் உப்பியிருந்தது. இத்தனை நாள் இல்லாத கனம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

குழந்தை சப்பியது. பால் இறங்கவில்லை.

வாய் சில்லென்றிருந்தது.

"பிரவின்" என்றாள். "பிரவின் கண்ணு."

குழந்தை பார்க்கவில்லை.

வாசல் கேட் திறந்தது. பாவாத்தாள் விபூதியோடு நிலைப்படியில் நின்றாள். மடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அன்புக்கரசி அதுவரை கண்டதில்லை.

"ராசப்பா."

குழந்தை வாயை எடுத்தது. தலையைத் திருப்பியது. சிரித்தது.

"அவனுக்கு உங்கிட்டப் பாலு எறங்காது அம்மணி" என்றாள் பாவாத்தாள், வெகு அன்பாக. "இப்படிக் குடு. நான் பாத்துக்கறேன்."

பல நாளாக யார் யாரைக் குடித்துத் தீர்த்தது, யாருடைய கொடி வற்றிக் காய்ந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பின்கட்டில் ஒரு குழந்தை அழுதது.

பசி அழுகை. விட்டு விட்டு, மூச்சு இழுத்து. அந்த அழுகையை அவள் அறிவாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் அறிவாள். சத்தம் காதில் விழுந்த கணமே இரண்டு மார்பும் இறுகிப் பால் சுரந்தது. ரவிக்கை நனைந்தது. மடியில் இருந்தது அவளையே பார்த்தது.

அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தென்னை மரத்தடி. காலால் மிதித்த மண். அழுகை மண்ணுக்கு அடியில் இருந்தது. கையால் பறித்தாள். நகம் பிய்ந்தது. பறித்த குழிக்குள் பால் சொட்டியது. முழங்கை ஆழம் தோண்டினாள். தாயத்து இல்லை. அழுகை அதற்குக் கீழே. தோள் ஆழம் தோண்டினாள். அதற்கும் கீழே.

சாயங்காலம் மில் சங்கு ஊதியது. பாலகோபால் வேலை முடிந்து வந்தபோதும் அவள் தோண்டிக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் அழுகை நின்றுவிட்டது.