பச்சை விளக்கு மாப்பிள்ளை

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பாக, அவனுடைய சட்டைக் காலரை விலக்கிப் பிடரியைப் பார்ப்பது இருபத்திரண்டாம் நூற்றாண்டு ஆற்காட்டின் வழக்கம். பிடரியில் பச்சை எரிந்தால் மோர் வரும். மஞ்சள் எரிந்தால் தண்ணீர் மட்டும் வரும். சிவப்பு எரிந்தால் பேச்சு அத்துடன் முடிந்தது.

இவ்வழக்கத்தின் காரணம் எளிது. நண்பகல் வெப்பம் ஐம்பத்தைந்து பாகையைத் தாண்டத் தொடங்கிய பின்னர், ஒவ்வொருவரின் பிடரித் தோலுக்கு அடியிலும் அரிசி மணியளவு ‘உடல்விளக்கு’ ஒன்றை அரசு பதித்தது. குருதி சூடேறுவதை அது நிறத்தால் அறிவிக்கும். தன் பிடரியைத் தானே காண இயலாதாகையால், அறிவிப்பு எப்போதும் அடுத்தவருக்கே உரியது. கொளுத்தும் வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தும் பச்சை மாறாதவன் எவனோ, அவன் நிழல் கண்ட இடத்தில் நின்று, நீர் அருந்தி, நிதானமாக வந்தவன் ஆவான். அத்தகையவனை நம்பிப் பெண் கொடுக்கலாம் என்பது பெரியோர் கொண்ட துணிபு.

வேலூர் தணிகைவேலுக்கு ஆற்காட்டு அமிர்தவல்லியை மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. திரையில் மாதக்கணக்காகப் பேசியாயிற்று. எஞ்சியிருந்தது பிடரி ஒன்றே. அதைப் பார்க்கப் போகிறவர் அமிர்தவல்லியின் அத்தை கனகாம்புஜம். வெறும் மஞ்சளுக்கே ஒரு பொறியாளரைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

இவ்வளவும் அறிந்திருந்தும், கண்ணாடி முன் தலை வாரியதில் தணிகைவேல் தாமதமாகவே புறப்பட்டான். ‘ராசா’ என்று அவன் பெயரிட்டிருந்த மோட்டார் சைக்கிள் கற்றல்மூளை பொருத்தப்பெற்றது. உரிமையாளரின் பழக்கங்களைக் கூர்ந்து கவனித்துத் தானும் அவ்வாறே நடந்துகொள்ளும். விளம்பரத்தில் இதுவே அதன் தலையாய சிறப்பாகக் கூறப்பட்டிருந்தது. தலைக்கவசத்தின் தூசியைத் துடைக்க மெல்லிய உதவிக்கை ஒன்றும் அதற்கு உண்டு.

பாலாற்றங்கரைச் சாலையில் தார் இளகிப் பளபளத்தது. வண்டி பேசியது.

“அண்ணா, எஞ்சின் விளக்கு சிவப்பாயிடுச்சு. அதோ குளிர்ப்பந்தல் இருக்கு. செத்த நின்னுட்டுப் போலாமா?”

“எங்கடா விளக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“நீங்கதானே போன கோடையில அது மேல கறுப்பு டேப் ஒட்டுனீங்க.”

“அப்புறம் என்ன? விளக்கு தெரிஞ்சாதான்டா பிரச்சனை. இன்னும் கொஞ்ச தூரம்தான், போ.”

வண்டி இக்கூற்றை ஆழ்ந்து சிந்தித்தது. குளிர்ப்பந்தல் பின்னால் சென்று மறைந்தது. மேல்விசாரம் தாண்டியதும் தணிகைவேலின் பிடரி சிவந்தது. சவாரி செய்பவரின் சிவப்பு விளக்கைக் காணும் வண்டி அக்கணமே நிற்க வேண்டும் என்பது சட்டம். காணாவிட்டால் நிற்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ராசாவின் உதவிக்கை பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, கறுப்பு டேப்பை எடுத்தது.

“கழுத்துல என்னடா பட்டுச்சு?”

“வேர்வை அண்ணா. துடைச்சேன்.”

“தலை சுத்துற மாதிரி இருக்குடா. பிடரி எப்படி இருக்கு? பச்சைதானே?”

“சிவப்பு எதுவும் தெரியலைங்க அண்ணா. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

ஆற்காட்டில், அமிர்தவல்லியின் தந்தை முனிரத்தினத்தின் வீட்டுப் போர்டிகோவில் வண்டி புகைந்துகொண்டே நின்றது. தணிகைவேல் கூடத்திற்குள் தள்ளாடி நுழைந்தான். கனகாம்புஜம் முன்னால் வந்தார்.

“குனிப்பா.” காலரை விலக்கினார். “இன்னாது இது? டேப்பு ஒட்டிக்கினு வந்திருக்க?”

அவர் டேப்பைப் பிய்த்ததும் பிடரியின் ஒளி பட்டு அவருடைய வளையல்கள் சிவப்பாய் மின்னின.

“சத்தியமா நான் ஒட்டலைங்க!” என்றான் தணிகைவேல்.

“அண்ணா சொல்றது நெசந்தாங்க,” என்றது வாசலிலிருந்து வண்டி. “ஒட்டுனது நான். சொல்லிக் குடுத்தது மட்டும்தான் அண்ணா.”

அமிர்தவல்லி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து பாதியை அவன் தலையிலும், மீதியை வாசலுக்குப் போய் எஞ்சின் மேலும் ஊற்றினாள். “ரெண்டுக்கும் ஒரே மூளை போல,” என்று சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. “விளக்கை மறைக்கிற வீட்டுல நாம பொண்ணு குடுக்க மாட்டோம். தம்பி ஆறட்டும், அப்புறம் கெளம்பட்டும். முனிரத்தினம், அந்தக் காலண்டரை எடு. ராணிப்பேட்டைப் பையனுக்கு ஒரு நல்ல நாள் பாப்போம்.”

அமிர்தவல்லியின் சிரிப்பு நின்றது. தணிகைவேல் அவளைப் பார்த்தான்.

“திரையில பாத்துக்கலாமேக்கா,” என்றார் முனிரத்தினம்.

“நல்ல நாளைத் தாள்லதான் பாக்கணும். எடுன்னா எடு.”

உலகில் எல்லாம் மாறியிருந்தும் தினசரித் தாள் காலண்டர் மட்டும் மாறாதிருந்தது. முனிரத்தினம் தயங்கித் தயங்கி அதை ஆணியிலிருந்து கழற்றினார். கூடம் முழுதும் சிவந்தது. காலண்டர் மறைத்திருந்த இடத்தில், சுவருக்குள் பதித்திருந்த வீட்டுக் குளிரூட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வியந்திரம் நின்றுபோனால் அந்த நண்பகலில் வீடு அடுப்பாகிவிடும்.



“அண்ணா,” என்றது வண்டி, “இவங்களும் நம்மள மாதிரிதான்.”

“எப்பத்துலேருந்துப்பா எரியுது?” என்றாள் அமிர்தவல்லி.

“பொங்கலுக்கு முன்னாடியே. ஓடிக்கிட்டுதானேம்மா இருக்கு?”

அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். “ராணிப்பேட்டைக்காரங்க வந்து நம்ம சுவரைப் பாத்தா இன்னா சொல்லுவாங்க, அத்தை?”

கனகாம்புஜம் நாற்காலியில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தணிகைவேலை நோக்கினார். “ஏன் தம்பி, இதை வெளிய போய்ச் சொல்லுவியா?”

“சொந்தக்காரங்க வீட்டு விஷயத்தை யாருங்க அத்தை வெளிய சொல்லுவாங்க?” என்றான் அவன், ஈரத் தலையுடன்.

“அமிர்தா,” என்றார் அத்தை, “மோரு கொண்டா.”

அச்சிவந்த ஒளியிலேயே முனிரத்தினம் தாள்களைப் புரட்டினார். கத்திரி வெயிலின் நடுவில் அருமையான முகூர்த்தம் ஒன்று அகப்பட்டது. அனைவரும் அதற்கு இசைந்தனர். பின்னர் அவர் காலண்டரை அதே ஆணியில், சற்றும் சாயாமல், பார்த்துப் பார்த்து மாட்டினார். கூடம் தன் இயல்பான நிறத்தை அடைந்தது.

“மெக்கானிக்கைக் கூப்பிட வேணாமாப்பா?”

“கல்யாணம் முடியட்டும்மா. இன்னும் கொஞ்ச நாள்தானே.”

போர்டிகோவில் ஆவி பறக்க நின்ற ராசா, இத்தொடரையும் பிழையறப் பதிந்துகொண்டது.