நெருப்பு அனுப்பும் தோழி

இரட்டையர்களில் ஒருவன் தூங்கினால் மற்றவன் எழுந்துகொள்வான். இது அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று ஷாமா உறுதியாக நம்பினாள்.

ஷாமாவுக்குப் பதினொரு வயது. தம்பிகள் இத்ரீஸுக்கும் இல்யாஸுக்கும் இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. அப்பா மீன்பிடிக் கப்பலில் போயிருந்தார்; திரும்பிவரச் சில வாரங்கள் ஆகும். அம்மா, மொராக்கோவின் ஸாஃபி துறைமுகத்தை ஒட்டிய ஆலையில் மத்தி மீன்களை டப்பாவில் அடுக்கும் வேலை செய்தார். ஷாமா பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை குழந்தைகளைப் பக்கத்து வீட்டு லல்லா ருக்கையா பார்த்துக்கொள்வார். அதன்பிறகு அம்மா வரும்வரை அது ஷாமாவின் வேலை.

ஒரு கையால் இல்யாஸின் முதுகைத் தட்டிக்கொண்டே, மறு கையால் அம்மாவின் பழைய கைப்பேசியில் அவள் ‘என் நாள்’ தளத்தில் எழுதுவாள்.

‘என் நாள்’ சிறுவர்கள் நாட்குறிப்பு எழுதும் இணையதளம். மொராக்கோவிலிருந்து இராக்வரை பல ஊர்ப் பிள்ளைகள் அதில் அரபியில் எழுதினார்கள். திறந்த பக்கங்களை எல்லாரும் படிக்கலாம். பூட்டிய பக்கங்களை நாம் சேர்த்துக்கொண்ட நண்பர்கள் மட்டுமே படிக்கலாம். புதிதாக வந்தவர்கள் முதலில் ஒரே ஒருவரைத்தான் நண்பராகச் சேர்க்க முடியும்.

திறந்த பக்கத்தில் ஷாமா வேடிக்கையாக எழுதினாள். ‘இன்று இத்ரீஸ் என் அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தையே தின்றுவிட்டான். இனித் தேர்வை அவன்தான் எழுத வேண்டும். இத்ரீஸ் அழுகிறான், மீதி அப்புறம்.’

பூட்டிய பக்கத்தில் ஒன்றே ஒன்று எழுதி வைத்திருந்தாள். ‘கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கன்னத்தில் நோட்டுக் கம்பியின் அச்சு பதிந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் வேலையை விட்டுவிடுவார்.’

அதைப் படிக்க யாரும் இல்லை. யாராவது ஒருவர் படித்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த ஒருவர் யார்?

அன்று மாலை பக்கத்து வகுப்புத் தோழி ஹஸ்னா வந்தாள். அவள் கையில் ஆலிவ் எண்ணெய் சொட்டும் ரொட்டி இருந்தது. ஹஸ்னா நல்லவள்தான். ஆனால் அவளுடைய அம்மாவும் அதே மீன் ஆலையில் வேலை செய்தார். ஹஸ்னாவின் காதில் விழுந்த எதுவும் மறுநாளே ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“யாரைச் சேக்கப்போறேடி?” என்றாள் ஹஸ்னா.

“தெரியல. ரெண்டு பேர் கேட்டிருக்காங்க.”

“காட்டு. அட, காசாபிளாங்கா லீனா. இவளையா யோசிக்கிறே? இவளைச் சேத்துக்கிட்டா மொத்தத் தளமும் உன் பின்னால வரும்.”

“இவ என்ன எழுதியிருக்கான்னு பாரு.”

ஹஸ்னா படித்தாள். ‘ரொம்ப ரொம்ப அழகு. என் பக்கத்துக்கும் வா.’ பக்கத்தில் மூன்று இதயங்கள்.

“நல்லாத்தானே எழுதியிருக்கா?”

“தம்பிங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு நான் எழுதினதுக்கு வந்த பதில் அது.”

ஹஸ்னா ரொட்டியை மென்றபடி யோசித்தாள். “காய்ச்சல்ல அழகா இருந்திருப்பாங்களோ என்னவோ. சரி, இன்னொருத்தி யாரு?”

“ஜுமானா. ஜோர்டான்ல இர்பித்னு ஒரு ஊராம். தினமும் வந்து ஒரே வரி எழுதுறா.”

“என்ன வரி?”

ஷாமா தயங்கினாள். “அல்லாஹ் உனக்கு ஆஃபியாவைக் கொடுக்கட்டும்.”

ஹஸ்னாவின் வாய் மெல்வதை நிறுத்தியது.

ஸாஃபியில் ஆஃபியா என்றால் நெருப்பு. அடுப்பில் எரிவது ஆஃபியா. மீன் சுடும் கரியில் கனல்வது ஆஃபியா. ‘தொடாதே, ஆஃபியா’ என்று கேட்டுத்தான் அந்த ஊர்க் குழந்தைகள் தவழப் பழகும். அப்படியானால் அந்த வரியின் பொருள், ‘அல்லாஹ் உனக்கு நெருப்பைக் கொடுக்கட்டும்.’ அல்லாஹ் நெருப்பைக் கொடுக்கும் இடம் ஒன்றுதான் உண்டு.

“நரகத்துக்குப் போன்னு சொல்றாடி உன்னை,” என்றாள் ஹஸ்னா.

“கூடவே ஒரு பூவும் போடுறா.”

“பூ போட்டு அனுப்பி வைக்கிறா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. கொடு இங்க, புகார் பண்ணிடலாம். தளத்தை விட்டே தூக்கிடுவாங்க.”

ஹஸ்னா திரையில் இருந்த புகார்ப் பொத்தானை அழுத்தினாள். விரலில் ஆலிவ் எண்ணெய் இருந்ததால் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி அழுத்துவதற்குள் ஷாமா கைப்பேசியை இழுத்துக்கொண்டாள்.

“இரு. நான் இவளுக்கு என்ன பண்ணேன்னு தெரிய வேணாமா?”

“நெருப்பு வைக்கிறவகிட்ட என்னத்தக் கேக்கப்போறே? நாளைக்குள்ள நீ பண்ணலேன்னா நான் பண்ணிடுவேன். எனக்கும் அதுல கணக்கு இருக்கு.”

ஹஸ்னா போன பிறகு ஷாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்கள் எரிந்தன. கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. மடியில் இல்யாஸைக் கிடத்திக்கொண்டு, ஜுமானா எழுதிய பக்கங்களைத் திறந்து படித்தாள்.

‘பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் மாமாவுக்கு ஆஃபியா சொன்னேன். உனக்கும்தான் கண்ணு என்றார்.’

‘மழையில் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தவருக்கு ஆஃபியா சொன்னேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கையசைத்தார்.’

‘அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஆஃபியா சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்தார்.’

இந்தப் பெண் ஊரையே நரகத்துக்கு அனுப்புகிறாள். ஊரோ அவளுக்கு நன்றி சொல்கிறது. ஒன்று, இர்பித்தில் எல்லாருக்கும் மூளை கலங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல்லில் ஏதோ இருக்க வேண்டும். தானே யோசித்துக் கண்டுபிடிக்க ஷாமாவுக்குத் தெம்பில்லை. அதனால் நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஜுமானா, உங்க ஊர்ல ஆஃபியான்னா என்ன? எங்க ஊர்ல அது நெருப்பு.”

பதில் உடனே வந்தது. “நெருப்பா?”

“அடுப்புல எரியுமே, அது.”

அதற்குள் இத்ரீஸ் அப்பாவின் செருப்பைக் கண்டுபிடித்து வாயில் வைத்திருந்தான். ஷாமா அதைப் பிடுங்கி, அவன் வாயைத் துடைத்து, அவன் அழுது முடிக்கும்வரை தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது.

“அப்போ இத்தனை நாளா நான் உனக்கு நெருப்பா வச்சிட்டிருந்தேன்?”

“பூவோட,” என்று எழுதினாள் ஷாமா.

“ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது. இங்க ஆஃபியான்னா உடம்புல தெம்பு. களைச்சுப்போனவங்களைப் பாத்தா அப்படித்தான் சொல்வோம். சொல்லாம கடந்துபோனா எங்கம்மா திட்டுவாங்க.”

ஷாமா அதை மறுபடியும் படித்தாள். பிறகு மெதுவாக எழுதினாள்.

“நான் களைச்சிருக்கேன்னு எங்கயும் எழுதலையே. வேடிக்கையாத்தானே எழுதினேன்?”

“வேடிக்கையாத்தான் இருந்துது. நான் சத்தமா சிரிச்சேன். ஆனா எல்லாமே பாதியில நிக்குது. ‘இத்ரீஸ் அழறான், மீதி அப்புறம்’னு முடிக்கிறே. அந்த மீதி வரவே மாட்டேங்குது. மீதியை எழுதக்கூட முடியாதவ களைச்சுத்தான் போயிருப்பான்னு நினைச்சேன்.”

ஷாமா தன் பக்கங்களைத் தானே புரட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஒன்றுகூட முடியவில்லை. இவ்வளவு நாளும் அது அவள் கண்ணில் படவே இல்லை.

கைப்பேசி மீண்டும் ஒளிர்ந்தது.

“நீ என்னைச் சேக்கலேன்னாலும் பரவாயில்ல. கோவத்துல புகார் மட்டும் பண்ணிடாத. எனக்கு இங்க ரெண்டே தோழிங்கதான். அதுல ஒருத்தி என் தங்கச்சி. மிட்டாய் கொடுத்துச் சேத்தேன்.”

ஷாமா சிரித்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த இல்யாஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலிலேயே ஹஸ்னா பிடித்துக்கொண்டாள். “புகார் பண்ணிட்டியா இல்லையா?”

“இல்ல. அவளைத்தான் சேக்கப்போறேன்.”

“நரகத்துக்கு அனுப்புறவளையா?”

ஷாமா ஆஃபியாவின் பொருளை மட்டும் சொன்னாள். ஹஸ்னா முதலில் நம்பவில்லை; பிறகு சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

“அப்போ நம்ம கணக்கு சாருக்கு ஜோர்டான் பாஷையில ஆஃபியா சொல்லிடலாமா?”

“அவர் ஸாஃபிக்காரர்டி. நம்ம பாஷையிலதான் கேப்பார்.”

“அதுக்குத்தான் சொல்றேன்.” ஹஸ்னா விக்கலை அடக்கிக்கொண்டாள். “அது சரி, லீனா? அவ கோவிச்சுக்க மாட்டாளா?”

“நான் சேக்கலேங்கிறதே அவளுக்குத் தெரியாது.”

அன்று மாலை அம்மா சற்று முன்னதாகவே வந்துவிட்டார். கைகளை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவி, குழந்தைகளை வாங்கிக்கொண்டார். ஷாமா உள்ளறைக்குப் போய், பாயில் படுத்தபடி, ஜுமானாவின் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினாள். பூட்டிய பக்கம் ஜுமானாவுக்குத் திறந்தது.

திரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சிரிப்பாளோ? இல்லை, பாவம் என்று சொல்லி இன்னும் அழவைப்பாளோ?

பதில் வந்தது.

“முழுசா படிச்சேன். இதை உங்கம்மாகிட்ட நீ சொல்லத்தான் வேணும். எப்படிச் சொல்றதுன்னு நாளைக்கு நாம ரெண்டு பேரும் யோசிப்போம். இன்னைக்கு வேணாம். இன்னைக்கு நீ தூங்கு.”

‘சரி’ என்று எழுதினாள் ஷாமா.

சமையலறையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் குரல் அவள் காதில் விழவே இல்லை.