கிஷோரின் களைப்பு

சுயம்புவின் கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகி வலித்தன. அவன் ஓடவில்லை. கூடைப்பந்து அரங்கின் அடியில், சன்னலில்லாத அறையில், பிடரியில் தகடு ஒட்டிக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். ஓடியவன் மேலே இருந்தான்: கல்லூரி அணித்தலைவன் கிஷோர். களைப்புக்கடத்திக் கருவி அந்தத் தகட்டின் வழியே அவன் அசதியை உருவிச் சுயம்புவின் உடம்பில் இறக்கிக்கொண்டிருந்தது.

காலையில் உப்பளத்தில் சொந்தக் களைப்பு, மாலையில் கிஷோருடையது. கூலிக்காக மட்டும் சுயம்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. சீசன் முடிந்ததும் ஒரே ஒரு நாளைக்குக் கருவியைத் திருப்பி மாட்டுவார்கள் என்று அதில் இருந்தது. அவனுடைய உப்பளக் களைப்பைக் கிஷோர் சுமப்பான். அன்றாவது சோற்றுத் தட்டில் கைவைத்தபடி தூங்கிவிழாமல், மகள் பேசுவதைக் கடைசிவரை கேட்கலாம்.

அணியின் ஐந்து பேருக்கும் கீழே இப்படி ஆளுக்கு ஒருவன் கிடந்தான். பதினெட்டு ஆட்டம், பதினெட்டும் வெற்றி. மூச்சு வாங்காமல் குதிக்கும் இந்தப் பிள்ளைகளை ஊரே சிங்கம் என்றது. பயிற்சியாளர் டேவிட்ராஜ் இன்னும் ஒரு படி மேலே போய், தினசரிப் பயிற்சியிலும் கருவியை மாட்டிவிட்டார். சிங்கங்கள் எதற்கு வீணாக அசதிப்பட வேண்டும்?

எதிரணி முறையிட்டதில், இறுதி ஆட்டத்துக்குக் கருவி கூடாது என்று உத்தரவு வந்தது.

"பயப்படாதீங்கடா. ஏழு மாசப் பயிற்சி இருக்கு" என்றார் டேவிட்ராஜ்.

இருந்தது, சுயம்புவிடம். களைத்து, அதிலிருந்து மீளும்போதுதான் உடம்பில் உரம் ஏறும். களைப்பைக் கொடுத்தவர்கள் உரத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தின் எட்டாவது நிமிடம் ஐந்து பேரும் தரையில் கிடந்தார்கள். கிஷோரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தவன் சுயம்பு.

"கால் எரியுது, மூச்சு முட்டுது. எனக்கு என்ன நோய் அண்ணாச்சி?"

"நோயில்ல தம்பி. நீ ஓடியிருக்க."

ஒரு வாரம் கழித்துச் சுயம்பு பயிற்சியாளரிடம் போனான். உரம் ஏறியதைக் கண்ட உப்பள மேஸ்திரி அவன் உப்புக் கூடையை எப்போதோ பெரிதாக்கியிருந்தான்.

"மாஸ்டர், என் நாளு?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாருய்யா. உன் களைப்புல அரை மணி நேரம்கூட அந்தப் பையன் தாங்க மாட்டானாம். வேற ஆள் தாரேன்."

"யாரு?"

"நம்ம ஹாஸ்டல்ல பாத்திரம் கழுவுறவன் ஒருத்தன்."

"அவன் களைப்ப யாரு வாங்குவா?"

டேவிட்ராஜ் செல்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப கிஷோரே வரட்டும். நான் காத்துக்கிடுதேன்" என்று சுயம்பு உப்பளத்துக்கு நடந்தான்.

கிஷோர் படித்து முடித்து, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலைக்கும் போய்விட்டான். சுயம்புவுக்கு அவன் தரவேண்டிய ஒரு நாள் இன்னும் பாக்கி.