சக்கரம் ஏறாத மலையில் ஒரு மய்யத்து!

"ஐயோ...! யாராச்சும் ஓடி வாங்க...!"

முத்துவீரனின் அலறல் ரிவர்ஸ்டன் மலைச்சாரலையே உலுக்கியது.

கொக்குப்பாறைக்கு அடியில், ஈரப் பாசியின் மேல், மாத்தளை மிளகு வியாபாரி ரவூப் கிடந்தார்.

கிடந்தார் என்பதைவிடப் படுத்திருந்தார் என்பதுதான் சரி. கண்கள் மூடியிருந்தன. கைகள் உடலோடு ஒட்டியிருந்தன. முகம் மேற்கே திரும்பியிருந்தது. நெற்றியில் மட்டும் ரத்தம்...

மூச்சு இல்லை!

மதியத்துக்குள் முத்துவீரனின் கையில் விலங்கு ஏறிவிட்டது.

மாட்டியவர் இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க. தோட்டங்களில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். இப்போது அந்தத் தமிழ் முழுக்க எரிச்சல்! காரணம், அவருடைய ஜீப் கீழே கேட்டோடு நின்றுவிட்டது. கேட்டுக்கு மேலே சைக்கிள்கூட ஏறக் கூடாது. காட்டையும் பனியையும் தேடி வருகிறவர்கள் நடந்துதான் வர வேண்டும். வெள்ளைக்காரன் விடுதி கட்டிய நாளிலிருந்து அதுதான் அந்த மலையின் சட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழிலும் அது மாறவில்லை.

விடுதியைப் புதிதாக வாங்கிய ரவூப் அதை மாற்றப் போகிறார் என்றுதான் பேச்சு.

"அடே! நேத்து முதலாளியோட சண்டை போட்டாயா?"

"போட்டேங்க."

"என்ன சண்டை?"

"மரத்தை வெட்டி ஜீப்பு ரோடு போடப் போறேன்னார். நான் ஆளுங்களைக் காட்டுக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போறவன். சும்மா இருப்பேனா?"

"என்ன சொன்னாய்?"

"சக்கரம் மேல வர்றதுன்னா என் நெஞ்சு மேல ஏறித்தான் வரணும்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்!"

"பார்த்தீங்களா சேர், திமிரை!" என்று சீறினான் ஸக்கரியா. ரவூப்பின் தம்பி; அண்ணனை 'நானா' என்பான். விடுதி வராண்டாவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இவன்தான் என்ட நானாவைத் தள்ளினவன்! தூக்குல போடுங்க!"

"திமிர்தாங்க. இந்த மலையில எனக்குன்னு இருக்கிற ஒரே சொத்து அதான்!"

வாய்தான் அப்படிப் பேசியது. முத்துவீரனின் நினைப்பு வீட்டுக்கு ஓடியது. லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மனைவி வேலம்மா சோறாக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சாட்சி இல்லை. சண்டை போட்டது ஊருக்கே தெரியும். விடுதியில் விருந்தாளி என்று ஒருவரும் இல்லாத மாதம். இருந்தது ரவூப், அவர் மனைவி, தம்பி, அப்புறம் இவன். கயிற்றுக்குக் கழுத்துத் தேவை. ஏழையின் கழுத்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்!

"நீங்க அந்தப் பாறைக்குப் போனீங்களா?" இன்ஸ்பெக்டர் ஸக்கரியாவைக் கேட்டார்.

"இல்ல சேர். காலையிலேருந்து இந்த வராண்டாவை விட்டு எறங்கவே இல்ல. நானாட மய்யத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்ல."

"ஹரி, ஹரி." சிங்களத்தில் 'சரி' என்றபடி இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வாடா போகலாம்."

அப்போது அறைக் கதவு திறந்தது.

ஜுனைதா. ரவூப்பின் மனைவி. முக்காட்டை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அழுது சிவந்த கண்கள்... ஆனால் பார்வை ஆடவில்லை.

"அவனை விடுங்க, ஐயா."

ஸக்கரியா துள்ளி எழுந்தான்.

"மதினி! நீங்க இத்தாவில ஈக்கணும்! அந்நிய ஆம்புளைங்க முன்னுக்கு வரலாமா? உள்ளுக்குப் போங்க!"

கணவன் இறந்தால், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் மனைவி அறைக்குள் இருக்க வேண்டிய காலம் இத்தா. அது ஜுனைதாவுக்கும் தெரியும். இருந்தும் அவள் ஒரு அடி முன்னால்தான் வைத்தாள்.

"இருப்பேன் தம்பி. ஒரு நாள் குறையாம இருப்பேன். அதுக்கு முந்தி வாயைத் தொறக்கிறதுக்கு அல்லாஹ் மன்னிப்பான். ஒரு ஏழை தூக்குல தொங்கினா, பார்த்துக்கிட்டிருந்த என்னை மன்னிக்க மாட்டான்!"

முத்துவீரன் விலங்கோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, என் புருஷன் ரோடு போடுறதா இல்ல," என்றாள் அவள். "நேத்து சண்டைக்குப் பொறவு என்னைக் கூட்டிக்கிட்டு காட்டுக்குள்ள நடந்தார். திரும்பி வரக்குள்ள, 'அந்தப் பயல் சொன்னது சரிதான் ஜுனைதா, இது இப்படியே இருக்கட்டும்'னார். விடிஞ்சதும் அதைத் தம்பிக்கிட்ட சொல்றேன்னுட்டுத்தான் போனார். ரோடு வந்தா மரத்தை லொறியில ஏத்த ஆள் பேசி வச்சிருந்தது தம்பிதான்!"

"பொய்! நானா என்னோட பேசவே இல்ல!"

"சரி. இதுக்குப் பதில் சொல்லுங்க. மய்யத்து எப்படிக் கிடக்குது, ஐயா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "தூங்குற மாதிரி. முகம் மேற்கே..."

"கண்ணை மூடி, கையை நேராக்கி, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பி வச்சிருக்கு. மக்கா இருக்கிற திக்கு! எங்க ஆளுங்க மவுத்தானா நாங்க அப்படித்தான் செய்வோம். முத்துவீரனுக்குக் கிப்லா தெரியுமா?"

"எனக்குத் தேயிலை மலையோட திக்குத்தாங்க தெரியும்," என்றான் முத்துவீரன்.

"இந்த மலையில இப்ப முஸ்லிம்னு இருக்கிறது ரெண்டே பேர். ஒண்ணு நான். மத்தது..."

எல்லாக் கண்களும் ஸக்கரியாவின் மேல் விழுந்தன.

அவன் முகம் வெளிறியது.

"இல்ல...! நான் திருப்பல்ல! நான் கீழ எறங்கவே இல்ல! நானா குப்புறத்தானே கிடந்தார்...!"



மலையிலிருந்து இறங்கிய பனி மெல்ல உள்ளே வந்தது.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "வராண்டாவை விட்டு எறங்காத உங்களுக்கு... அவர் குப்புறக் கிடந்தது எப்படித் தெரியும்?"

ஸக்கரியா அப்படியே தரையில் சரிந்தான்.

"கோபத்துல... ஒரு தள்ளுத்தான் சேர்... சாவார்னு நினைக்கல்ல..." விம்மினான். "நானா... என்ட நானா..."

முத்துவீரனின் கையிலிருந்த விலங்கு ஸக்கரியாவின் கைக்கு மாறியது.

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா ஒண்ணு விளங்கல்ல. இவர் கீழ எறங்கல்ல. அப்படின்னா மய்யத்தைத் திருப்பினது யார்?"

"நான்தான்!" என்றாள் ஜுனைதா.

"என்ன...?!"

"இவனுக்கு முந்தி தேடிப் போனது நான். குப்புறக் கிடந்தார். அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கல்ல, ஐயா. என் கையால திருப்பினேன். கண்ணை மூடினேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேல வந்து தம்பிக்கிட்ட சொல்ல வாயெடுத்தேன்... அதுக்குள்ள இவர், 'நானா இப்பத்தான் கேட்டுக்கு எறங்கினதைப் பார்த்தேன் மதினி'ன்னு சிரிச்சார்! அப்பவே விளங்கிடுச்சு. நான் கத்தியிருந்தா யார் நம்புவாங்க? அதான் வாயை மூடிக்கிட்டேன். அவர் வாயைத் தொறக்கட்டும்னு!"

"தடயத்தைக் கலைக்கிறது குற்றம், தெரியுமா?"

"புருஷன் முகத்துல ஒட்டின மண்ணைத் துடைக்கிறது குற்றம்னா, எழுதிக்குங்க!" இரு கைகளையும் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"உள்ளே போங்கம்மா. இத்தா இருங்க. உங்க வாக்குமூலத்தை நான் கதவுக்கு வெளியே நின்னு கேட்டுக்கிறேன்."

ஜுனைதா உள்ளே போனாள். கதவு சாத்திய பிறகுதான் அவள் வாய்விட்டு அழுத சத்தம் கேட்டது. முத்துவீரன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே பனி பாதையையே விழுங்கியிருந்தது. முன்னால் நின்ற மரம்கூடத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "முத்துவீரன்... கீழே போகணும். வழி காட்டுறியா?"

முத்துவீரன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"தாராளமாக் காட்டறேங்க! ஆனா உங்க கைதிக்கிட்ட ஒண்ணு சொல்லி வைங்க... பாறை ஓரத்துல நடக்கிறப்ப, எனக்குப் பின்னால வரக் கூடாது!"