கண் படாத தண்ணீர்

செந்தேரிப் பாலைவனத்தை எந்தப் பக்கம் சுற்றிவிட்டு வந்தாலும், கிணற்றை நெருங்கும்போது வழிகாட்டி உலகம்மாள் பயணிகளின் கண்ணைக் கட்டிவிடுவாள். குடித்து முடித்து, வண்டித் தொட்டியை நிரப்பி மூடியைத் திருகிய பிறகுதான் அவிழ்ப்பாள். மூன்று நாளாக இதே வழக்கம். சேந்தனுக்கும் அவன் மனைவி யாழிசைக்கும் இது ஒரே வேடிக்கை. சாகசப் பயணம் என்று கிளம்பி வந்த நகரவாசிகளுக்கு எதுதான் வேடிக்கை இல்லை?

நான்காம் நாள் மணற்காற்றில் வண்டி குடைசாய்ந்தது. தொட்டி உடைந்தது. உலகம்மாளின் கணுக்கால் முறிந்தது. மறுநாள் நண்பகலில் காற்று ஓய்ந்தபோது யாழிசை பேச்சற்று, கண் செருகிக் கிடந்தாள்.

"கெணறு முந்நூறு காலடிதான் அண்ணாச்சி. நீங்கதான் போவணும். கண்ணக் கட்டிக்கிட்டு," என்றாள் உலகம்மாள்.

"அவ செத்துக்கிட்டிருக்கா. இப்பவுமா உங்க சடங்கு?"

"சடங்கு இல்ல. ஒங்க கண்ணுல இருக்க வில்லைக்குத்தான் கட்டுதேன்."

நகரத்தில் பிறந்த எல்லோர் கண்ணிலும் பதிவுவில்லை உண்டு. அதைக் கழற்ற முடியாது. பார்ப்பதையெல்லாம் இடத்தோடு சேர்த்து வானத்துக்கு அனுப்பிவிடும். புதிய நீரை அது கண்டால், அந்த நீர் நீர்க்கழகத்துக்குச் சொந்தம். மறுநாளே உறிஞ்சுகுழாய் வந்து இறங்கும். பள்ளியிலேயே படித்த சட்டம்தான். அதன் மறுபக்கத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்று மட்டும் சேந்தன் நினைத்ததில்லை.

"பதினோரு கெணறு போச்சு. எங்க நாப்பது வீட்டுக்கும் இது ஒண்ணுதான்" என்றாள் அவள். "காலு சுட்டா மேடு, நேரா போங்க. குளுந்தா கிட்ட வந்தாச்சு. சரள நெரிஞ்சா நில்லுங்க, கையெட்டுல பட்ட கெடக்கும். திரும்பி வர நான் சீட்டியடிக்கேன்."

அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போனான். சூடு, குளிர்ச்சி, சரளை. தடவித் தடவி ஓலைப்பட்டையை எடுத்து நீர் மொண்டான். சீட்டி கேட்ட திசையில் திரும்பி நடந்தான். பாதி வழியில் சீட்டி நின்றுவிட்டது.

யாழிசைக்கு ஏதோ ஆகிவிட்டதோ? கிணறுதான் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதே என்று கண்கட்டை இழுத்தெறிந்துவிட்டு ஓடினான். கையில் பட்டை தளும்பியது. கண்ணுக்குள் பச்சை எழுத்து ஒளிர்ந்தது: புதிய நீர் பதிவானது.

உலகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். "கண்கட்டு எங்க அண்ணாச்சி?"

"கிணத்தப் பாக்கல. சத்தியமா பாக்கல. சீட்டி நின்னுடுச்சு..."

"ஒதட்டுல ஈரமில்ல. அதான் நின்னுது." வெடித்த உதட்டைத் தொட்டுக்கொண்டாள். "தண்ணியப் பாத்தியளா?"

அவன் கையிலிருந்த பட்டையைக் குனிந்து பார்த்தான். அவள் திட்டவில்லை. பட்டையை வாங்கி, யாழிசையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெகுநேரம் கழித்து யாழிசை இருமினாள். சேந்தன் மணலில் தலையை வைத்துக் குலுங்கி அழுதான். பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தை வெளியே காட்டவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா கண்ணத் தொறந்ததும் என்னக் கெணத்தடிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் உலகம்மாள். "பொழுதுசாய எங்காளுவ வருவாவ. நாளைக்குக் கொழா வர்றதுக்குள்ள முடிஞ்சத எறச்சுக்கிட்டுக் கெளம்பணும்."

"எங்க போவீங்க?"

"அது தெரிஞ்சா இங்க ஏன் கெடக்கோம்?"

யாழிசை கண் விழித்ததும் அவன் எழுந்தான். பழக்கதோஷத்தில் மணலில் கிடந்த துணியைத் தேடி எடுத்து வந்து கண்ணில் வைத்தான். உலகம்மாள் அதை வாங்கித் தன் முறிந்த காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இனி எதுக்கு அண்ணாச்சி" என்றாள்.