துணையை விடாதவர்கள்

பவளப்பாறை பேசவில்லை.

தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மேஜர் அதைக் கவனித்துவிட்டாள். உயிருள்ள பாறை ஒருபோதும் வாயை மூடுவதில்லை. அதன் பொந்துகளில் குடியிருக்கும் குட்டி இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை, சூடான எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலப் படபடவென்று எந்நேரமும் காதை நிறைத்துக்கொண்டிருக்கும். இன்று தண்ணீர் துடைத்த கண்ணாடிபோல இருந்தது. நடுப்பகல் வெயில் நீரைத் துளைத்து இறங்கி, மான்கொம்புபோல் கிளைத்த பவளங்களின்மேல் வலைவலையாக ஆடியது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, ஒரே நொடியில் திரும்பி, கூட்டமாகவே போயின. எல்லாம் இருந்தன. ஓசை மட்டும் இல்லை. ரப்பர்க் குழாயில் அவள் மூச்சு இழுபடுவதும், குமிழிகளாகக் கலகலத்து மேலே போவதும்தான் கேட்டது. ஒரு வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொள்வார்களே, அந்த மாதிரி மௌனம்.

அந்த மௌனம் அவளுக்குப் பழக்கம்தான். தம்பி கடலில் காணாமல் போன நாளிலிருந்து, அவள் குடும்பத்தார் எங்கே நுழைந்தாலும் அதுதான் வரவேற்பு.

நீச்சல்குளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கைகால் அடிக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். முதுகு வளையாததால் 'மேஜர்' என்று பெயர் வந்தது. தம்பியும், இன்று அவளோடு இறங்கியிருக்கும் பல் டாக்டரும் சிறு வயதிலிருந்தே சேர்ந்து முக்குளித்த நண்பர்கள். இதே பாறையில், ஒரு நாள், டாக்டர் மட்டும் மேலே வந்தார். "என்னைத் தனியா விட்டுட்டு எங்கயோ போயிட்டான்" என்றார். கடலுக்குள் துணையை விட்டுப் போவதைவிடக் கேவலம் வேறில்லை. முக்குளிப்பவர் சங்கத்தின் சுவரில், கடலோடு போனவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. தம்பியின் படத்துக்கு அங்கே இடம் தரவில்லை. அப்பா அந்தப் படத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அதை வெளியே எடுக்காமலே கண்ணை மூடினார்.

காலையில் படகில் வரும்போது பேச்சு அதைச் சுற்றித்தான் போனது.

"ஒரு நாளாவது சாஞ்சு உக்காருங்க மேஜர். உங்களப் பாத்துப் படகே விறைச்சுப் போய் நிக்குது" என்றாள் ரேடியோ. மேஜரோடு வழக்கமாக முக்குளிப்பவள், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர். சளி பிடித்துக் காது அடைத்திருந்ததால் அவள் தண்ணீரில் இறங்க முடியாது.

"உன் வாயை அடைக்கச் சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். கடவுள் தப்பாக் காதை அடைச்சிட்டார்" என்றாள் மேஜர்.

படகோட்டி சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார். பல் டாக்டர் சிரிக்கவில்லை. முகக்கண்ணாடியின் பட்டையை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

"அக்கா, வேற பாறைக்குப் போலாமே. அந்தப் பக்கம் ஆமை நிறைய இருக்கும்."

"ஆமை பாக்கவா நான் வந்தேன்? அவன் உன்னை விட்டுட்டுப் போன இடத்தைக் காட்டு. அங்க நின்னு, என் கண்ணைப் பாத்து, எந்தப் பக்கம் போனான்னு கையை நீட்டு. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குக்கா இதெல்லாம்?"

"உனக்கு வருஷம் போச்சு. எங்க வீட்டுல அந்தப் படம் இன்னும் அலமாரியிலதான் இருக்கு."

டாக்டர் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டார்.

இப்போது அவர் அவளுக்குச் சற்று முன்னால் நீந்திக்கொண்டிருந்தார். பாறை முடிந்து கடல் செங்குத்தாக ஆழத்துக்குள் விழும் விளிம்பு வந்தது. அதன்பின் நீலம் மட்டுமே. மீன்கள் பின்தங்கிவிட்டன. ரப்பரையும் உப்பையும் மீறி, வாய்க்குள் ஏதோ துருப்பிடித்த சுவை ஏறியது.

மேசைபோல் விரிந்த ஒரு பவளத்தின் அருகில் ஓர் ஆள் கையைத் தூக்கினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையம்.

நீருக்குள் பேசமுடியாதவர்களின் முதல் பாடம் அந்த வளையம். சரியா என்று கேட்பதும் அதுதான், சரி என்று சொல்வதும் அதுதான். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பதில் வராவிட்டால் ஆபத்து என்று பொருள். கேட்டவன் அருகில் வந்துவிடுவான். நெடுநாள் பழக்கத்தில் மேஜரின் கை தானாக உயர்ந்தது. விரல்கள் வளைந்தன. சரி.

பிறகுதான் உறைத்தது. டாக்டர் இடப்பக்கம் இருக்கிறார்.

இங்கே வேறு படகு இல்லை.

அவள் மறுபடி பார்த்தாள். அந்த ஆள் அசையாமல் நின்றான். கை தூக்கியபடியே. அவன் தலைக்குமேல் நீர் சலனமின்றி இருந்தது. குமிழி இல்லை. ஒன்றுகூட இல்லை. வளையத்துக்குமேல் மற்ற விரல்கள் நிமிர்ந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் உள்நோக்கி மடங்கியிருந்தது. சிறு வயதில் கதவிடுக்கில் நசுங்கி, பிறகு நிமிரவே நிமிராத சுண்டுவிரல். அதற்கு மருந்து கட்டியவளே அவள்தான்.

மூச்சு வேண்டிய அளவுக்கு வரவில்லை.

அவன் டாக்டரின் பக்கம் திரும்பினான். அதே வளையம். சரியா?

டாக்டர் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தைக் குமிழிகள் மொத்தமாக மறைத்தன. அவை விலகியபோது கண்ணாடிக்குள் அவர் கண்கள் தெரிந்தன. அவற்றில் பயம் இருந்தது. வியப்பு இல்லை.

பதில் வராததால் அவன் அருகில் வந்தான். காலை அசைக்காமல்.

டாக்டர் உதைத்து எழும்பினார். அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு மேஜரின் முகத்தில் அறைந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் அதை ஊதி வெளியேற்றிக் கண்ணைத் திறந்தபோது, அவர் வெகு உயரத்தில், வெளிச்சத்தில் ஒரு புள்ளியாக இருந்தார்.

துணையை விட்டுவிட்டு.

இப்படித்தான். அன்றும் இப்படித்தான்.

தம்பி எங்கும் போகவில்லை. இங்கேயே நின்றான். கேட்டதற்குப் பதில் வரும் என்று.

மேலே போ என்றது உடம்பு. அவள் முதுகை நிமிர்த்தினாள். தண்ணீருக்குள் அது அவ்வளவு சுலபமில்லை, இருந்தும் நிமிர்த்தினாள். ஊரே பேச்சை நிறுத்திய நாட்களில் தலை குனியாதவள், சொந்தத் தம்பிக்கு முன்னால் குனிவதா?

அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் முகம் இருக்கவேண்டிய இடம் முழுக்கப் பவளம். வெளிறிய, மிகச் சிறிய வாய்கள். நூற்றுக்கணக்கில். ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின.

அவள் கையை நீட்டினாள்.

பிடித்தான். கல் போன்ற கை. உள்ளங்கையில் ஏதேதோ மெல்ல உறிஞ்சின. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மேலே போவோம். இருவரும் ஒழுங்காக, அவசரமில்லாமல் ஏறினார்கள். ஏற ஏற வெளிச்சம் கூடியது. பிடியும் கூடியது.

தலை வெளியே வந்ததும் வெயில் அறைந்தது. படகின் ஏணியை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். மறு கை நீருக்குள் இருந்தது. டாக்டர் படகுக்குள் சுருண்டு கிடந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

"மேஜர்! இன்னொரு கையையும் குடுங்க, தூக்குறேன். என்னாச்சு இவருக்கு? பேய் அடிச்ச மாதிரி..." ரேடியோ குனிந்து கைகொடுக்க வந்தாள். நீருக்குள் பார்த்தாள். அவள் பேச்சு நின்றுபோனது.

மேஜர் குழாயைத் துப்பினாள். "இரு. இவன் முதல்ல ஒண்ணு சொல்லட்டும். டேய், இங்க பாரு. அன்னிக்கு யார் யாரை விட்டுட்டு வந்தது?"

டாக்டரின் பற்கள் கிடுகிடுத்தன. "அவன்தான்க்கா... அவன்தான் போனான்."

"அவன் கேட்டுக்கிட்டுதான் இருக்கான். திருப்பிச் சொல்லு."

"அக்கா, கையை உதறிட்டு ஏறுங்க! விட்டுட்டு வாங்க! விட்டுடுங்கக்கா!"

மேஜர் சிரித்துவிட்டாள்.

"பாத்தியா? உனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். எங்க வீட்டுல அந்த வார்த்தையே கிடையாதுடா. நீ பதில் சொல்ற வரைக்கும் நாங்க போறதா இல்ல."

நாங்கள் என்று சொன்னபோது நீருக்குள் அந்தக் கை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அவள் ஏணியை விட்டாள்.

நீர் தலைக்குமேல் மூடியது. கழன்ற குழாய் தோளருகே ஆடியது. அவள் அதைத் தேடவில்லை. விடுபட்ட கையை மேலே தூக்கினாள். மணிக்கட்டுக்கு மேல் வெயில் சுட்டது. விரல்களை வளைத்தாள். சரியா? பக்கத்தில் இன்னொரு கை நீரைப் பிளந்து உயர்ந்தது, மடங்கிய சுண்டுவிரலோடு.

படகின் அடிவயிறு அதிர்ந்தது. படகோட்டி எஞ்சினை முடுக்கிவிட்டார். அந்தக் கரிய நிழல் நகர்ந்தது, வேகமெடுத்தது. கூடவே அவர்களும். அவள் கால்கள் அசையவில்லை. இருந்தும் நிழல் ஒரு முழம்கூட விலகவில்லை.

பாறை பேசத் தொடங்கியது. படபடவென்று, நாலா பக்கமும், காதுக்குள்ளேயே.

தன் மூச்சின் குமிழிகளைத் தேடி மேஜர் அண்ணாந்து பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கையை இறக்கவில்லை. கரை நெருங்கிக்கொண்டிருந்தது.