கட்டிலடியில் தொங்கிய பை

டியூபுக்குள் இருந்த மூத்திரம் மேல்நோக்கிப் போவதை வானதி முதலில் பார்த்தது அத்தை வந்துபோன மதியத்தில்தான். பை என்னவோ கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒழுங்காகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அப்பாவின் வேட்டிக்குள் போகும் டியூபில், மஞ்சள் நீருக்கு நடுவே, ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி வெள்ளையாக ஒரு நூல். இறங்கிப் பைக்குள் விழவேண்டிய அது, நின்று நின்று, அப்பாவின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தபோது நூலைக் காணவில்லை. அவள் சாத்துக்குடி உரிக்கப் போய்விட்டாள்.

அப்பா தியாகராசன் மழையில் வரப்பு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். மன்னார்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆபரேஷனுக்காகப் போட்ட மூத்திர டியூபை மறுநாளே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கெஞ்சியவள் வானதி. அவரால் எழுந்து போக முடியாது என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் அருவருப்பு. அம்மா இல்லை, தம்பி சிங்கப்பூரில். டியூபை எடுத்துவிட்டால் பெட்பேன் பிடிப்பதும், ஈர வேட்டி மாற்றுவதும், துடைத்துவிடுவதும் அவள் தலையில்தான் விழும். பெற்ற தகப்பனிடம் அருவருப்பா என்று ஊர் கேட்கும். கேட்கட்டுமே, ஊரா வந்து பெட்பேன் பிடிக்கப் போகிறது?

நர்ஸ் ஹஃப்ஸா அதிராம்பட்டினத்துப் பெண். சின்ன வயசு, ஆனால் கறார். பையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். பை தரையில் படக்கூடாது, டியூப் மடங்கக்கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழதான் இருக்கணும்க்கா. மேல தூக்கினா, வெளிய வந்தது திரும்ப அய்யா ஒடம்புக்குள்ளயே போயிரும்."

தினமும் காலையில் வந்து, டியூபை எடுத்துவிடலாமா என்றும் கேட்டாள். நாளைக்கு என்பாள் வானதி. அடுத்த நாளும் அதே நாளைக்குத்தான்.

கெடுத்தது பார்க்க வந்த கூட்டம். படுத்துவிட்டவரைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் அந்த ஊரில் பகை என்று அர்த்தம். வேன் பிடித்து வந்தார்கள், ஹார்லிக்ஸோடும் பழத்தோடும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அப்பாவின் தங்கை அமிர்தம் அத்தைக்குத்தான் முதல் நாளே மூக்கு விடைத்தது. கஞ்சி போட்ட வேட்டி கசங்காமல் பஞ்சாயத்துப் பேசிய மனுஷனின் கட்டிலடியில் இதுவா தொங்குவது?

"நாலு சனம் வந்து நிக்கிற எடத்துல எங்க அண்ணன் மூத்திரத்தையா காட்சிக்கு வைப்ப? எடுத்து மேல வச்சு மூடுடி."

வானதி எடுத்து வைத்தாள். அப்பாவின் வயிற்றின் மேல், வெதுவெதுப்பாகத் தளும்பிக்கொண்டு. மேலே ஒரு துண்டு. யார் வந்தாலும் அதுவே வழக்கமாயிற்று. வந்தவர்கள் நெல் விலை பேசி, மழையைத் திட்டி, மெதுவாகத்தான் கிளம்புவார்கள். ஹஃப்ஸாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் பை சட்டென்று கீழே இறங்கும். இறக்கும்போதெல்லாம் பை கொஞ்சம் இளைத்திருப்பது வானதிக்குத் தெரிந்தது. மீதி எங்கே போயிற்று என்று நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நாற்றம் வந்தது. முதலில் வெறும் மூத்திர நெடி, பழகிப்போன ஒன்று. இரண்டொரு நாளில் அது கனத்து, தண்ணீர் தேங்கி அழுகிய நாற்றங்காலின் வாடையும் மீன் கழுவிய நீரின் வாடையும் கலந்து, ஃபினாயிலையும் ஊதுபத்தியையும் தாண்டிக்கொண்டு அவள் புடவையில் ஏறி, தலைமுடியில் தங்கி, கேன்டீன் சாம்பாரிலும் உரித்து வைத்த சுளையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் அது இருந்தது. பையில் இருந்தது இப்போது மஞ்சள் இல்லை. கலங்கல். அடியில் சளி மாதிரி ஒரு படிவு, பையைத் தட்டினால் மெல்லப் புரண்டுகொடுத்தது. அவள் அப்போதும் ஹஃப்ஸாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அன்று பகலிலேயே இருட்டிவிட்டது. விடாத மழை. தெருச் சாக்கடை நிறைந்து வாசல்படி வரைக்கும் வந்துவிட்டதாக வெளியே யாரோ கத்தினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, கட்டில் கடகடவென்று ஆடியது, நெற்றி கொதித்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"வடிகால் எதுக்குதும்மா," என்றார். "மடையை அடைக்கச் சொல்லு."

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. ஆறு நிரம்பிவிட்டால் வயலிலிருந்து வடிய வேண்டிய தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வயலுக்கே திரும்பும். பயிர் மேலே பச்சையாகத்தான் நிற்கும். வேர் அழுகியிருக்கும்.

அவள் போர்வையை விலக்கினாள். பை கீழேதான் இருந்தது. யாரும் தூக்கவில்லை. டியூபில் வெள்ளை நூல்கள். ஒன்றல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், மேலே. அவர் உடம்புக்குள்.

ஓடிப்போய் ஹஃப்ஸாவைக் கூட்டிவந்தாள். இப்பவே எடுத்துவிடுங்கள் சிஸ்டர் என்றாள். ஹஃப்ஸா பையைப் பார்த்தாள், முகம் மாறியது, டாக்டருக்குப் போன் போட்டாள். மூத்திரத்தைப் பரிசோதனைக்கு எடுத்தாள், ட்ரிப்ஸ் பாட்டிலை மாட்டி ஊசி மருந்தை ஏற்றினாள். கையுறை போட்டுக்கொண்டு டியூபை மெல்ல இழுத்தாள். வெளியே வந்த நீளம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் விரால் மீனின் வழவழப்பு. ஒரு துளி போர்வையில் சொட்டியது. வானதி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பெற்றவரின் உடம்பிலிருந்து வருவதைப் பார்க்க மாட்டேன் என்றவள் இதைப் பார்த்தாள்.

ஹஃப்ஸா அதைச் சுருட்டி மஞ்சள் வாளியில் போட்டாள். பிறகு திரும்பி, அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"பேக்கை மேல தூக்கி வச்சீங்களாக்கா?"

"இல்ல சிஸ்டர்."

கட்டிலில் அப்பா தலையைத் திருப்பினார். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹஃப்ஸா டாக்டரை அழைத்துவருவதாகச் சொல்லி, வாளியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

அறை அமைதியாயிற்று. நடுக்கம் நின்றுவிட்டது. கட்டிலடிக் கம்பியில் எதுவும் இல்லை, அதைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. எடுத்தாயிற்று, இனி எத்தனை பெட்பேன் வேண்டுமானாலும் பிடிக்கிறேன், பிழைத்தால் போதும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நிஜமாகவே சொன்னாள். மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமி, குழல்விளக்கு கண்சிமிட்டி எரிந்தது.

நாற்றம் போகவில்லை.

குனிந்து மோந்தாள். கீழே இல்லை. நிமிர்ந்தாள். மேலே இருந்தது. தலைக்கு மேலே.

ட்ரிப்ஸ் பாட்டில் கொக்கியில் தொங்கியது. சொட்டு நின்றிருந்தது. அப்பாவின் புறங்கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில், கண்ணாடி போலத் தெளிந்த குழாயில், ஒரு நூல். வெள்ளையாக. ஊசியிலிருந்து ஒரு சாண் உயரம். ஒரு முழ உயரம். நின்றது. மறுபடி ஏறியது.

"எதுக்குதும்மா," என்றார் அப்பா. உதடு அசையவில்லை.

பாட்டில் மஞ்சளாகத் தொடங்கியது. கலங்கியது. குறைய வேண்டியது நிறைந்தது. அடியில் ஏதோ புரண்டது.

கத்த வாயைத் திறந்தாள். அப்போது வராந்தாவில் ஈரச் செருப்புகளின் சத்தம், குடை உதறும் சத்தம், நாலைந்து பேரின் பேச்சு, அதற்கு நடுவே அத்தையின் குரல். கதவு தள்ளப்பட்டது. வானதியின் கை தானாகத் துண்டை எடுத்தது. எட்டி, பாட்டிலின் மேல் போட்டு மூடியது.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டபடி அத்தை உள்ளே வந்தாள். தேவலாம் அத்தை என்றாள் வானதி. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று மழையைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, துண்டின் நடுவில், ஈரமாக ஒரு மஞ்சள் வட்டம் விரிந்துகொண்டிருந்தது.